ஒண்ணும் குடுக்கலைங்க

கதவை மூடிவிட்டார்கள். கதவில் ஒரு நாய்க்குட்டி நாக்கை நீட்டிச் சிரிக்கிற படம், அதற்குக் கீழே அமைதி காக்கவும் என்று எழுதியிருக்கிறது. அமைதியாகத்தான் இருக்கிறேன். முழங்கால்தான் விண்விண் என்கிறது. இந்த இரும்பு நாற்காலிகளை ஐந்தைந்தாகப் பிணைத்துப்போட எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, ஒருத்தர் அசைந்தால் ஐந்து பேரும் அசைய வேண்டியிருக்கிறது. அந்தக் கோடியில் லாப்ரடாரோடு உட்கார்ந்திருப்பவர் கால் ஆட்ட ஆட்ட இங்கே என் இடுப்பு வரைக்கும் ஆடுகிறது. சார், காலை ஆட்டாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் இருந்த காலமாக இருந்தால் சொல்லியிருப்பேன், சொன்ன வேகத்தில் அந்த நாயும் சேர்ந்து எழுந்து நின்றிருக்கும். இப்போது வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் சவரிமுத்து, காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ கோயிலில் பூசைக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கூடைக்குள் அவருடைய பழைய லுங்கி, லுங்கி முழுக்க மாஸ்டரின் சாம்பல் முடி. மாஸ்டர் உள்ளே இருக்கிறான். பூனையைப் போய் அவன் இவன் என்று சொல்கிறாரே என்று ஆறு வருஷம் இவரைக் கேலி செய்தவள் நான். இன்றைக்குக் காலையிலிருந்து நானும் அவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் வந்தபோது எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். டோக்கன் கொடுக்கிற பெண் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கூடையின் மேல் துணியை விலக்கிப் பார்த்தாள், எழுந்தாள், அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு பேரும் காலை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். இவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "பாத்தியா ரெஜி, நம்மள முதல்ல கூப்பிட்டாங்க." முப்பத்திமூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்குத் தெரியாதா, வரிசையில் நிற்காமல் உள்ளே போகிறவர்கள் யார் என்று. சீட்டு வாங்காமல் ஸ்ட்ரெச்சரில் போகிறவனைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் ஒரு குழாய், அவனை அதற்குள் படுக்கவைத்து ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டார்கள். அவன் வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. முகம் வீங்கி, கண் இரண்டும் இடுங்கி, அது எங்கள் மாஸ்டர் முகமே இல்லை, யாரோ வேற்று வீட்டுப் பூனை. டாக்டரம்மா யாழினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினாள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டியது காபித் தூள் நிறத்தில் இருந்தது. "ராத்திரி வெளிய போவானா?" "போவான்." "பூச்சி, பாம்பு எதாவது தீண்டியிருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாக்கறேன்." அங்கேதான் இவர் வாயைத் திறந்தார். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி சத்தமாக, "இவங்களும் உங்க லைன்தான் டாக்டர். முப்பத்திமூணு வருஷம் பார்மசிஸ்ட். மருந்து விஷயத்துல ஒரு தடவை தப்பு வந்தது கிடையாது" என்றார். டாக்டரம்மா முகமே மாறிவிட்டது. மரியாதையாக என் பக்கம் திரும்பினாள். "அப்ப மேடத்துக்கே தெரிஞ்சிருக்கும். வீட்ல மருந்து ஏதாவது குடுத்தீங்களா? காய்ச்சல் மாத்திரை, எதாவது?" அவள் கேட்டு முடிக்கவில்லை, நான் தலையை ஆட்டிச் சொல்லிவிட்டேன். "ஒண்ணும் குடுக்கலைங்க." அவள் மூச்சு விட்டாள், குரல் தணிந்தது, இவர் காதுக்கு அது எட்டாது. "நல்லவேளை. நமக்குச் சாதாரண மாத்திரை, பூனைக்கு அது விஷம். குடுத்திருந்தா இப்பவே வேற ஊசி ஆரம்பிக்கணும்." அதற்குப் பிறகு ஒரு தாளை நீட்டினாள், உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று. கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே, அதற்குக் கீழே மருந்தாளுநர் (ஓய்வு) என்று எழுதினேன்.

அந்தக் கைதான் இது. இந்தக் கட்டைவிரல் நகத்தைத்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் கத்தி என்பார்கள். வில்லையைப் பிளேடு போடாமல் பாதியாக உடைப்பேன், பாதியைக் காலாக, காலை அரைக்காலாக, தூள் சிந்தாது. கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் என்று மனசு அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டுவிடும், பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்வேன். நேற்றும் அதையேதான் செய்தேன். முந்தின ராத்திரி எங்கோ சண்டை போட்டு முன்காலில் கடி வாங்கி வந்து, நேற்றுக் காலையெல்லாம் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் சுருண்டு கிடந்தான். தொட்டால் சுட்டது. இவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அவனைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறி, நாலு கிலோ. நாலு கிலோ என்றால் மூன்று மாசக் குழந்தைக்கும் குறைவு. ஐந்நூறு மில்லிகிராமில் பாதி, பாதியை நாலாக்கினால் ஒன்று சரியாக அறுபது சொச்சம். மதியம் பன்னிரண்டு மணிக்கு வெண்ணெயில் வைத்துக் கொடுத்தேன், நக்கித் தின்றுவிட்டு என்னைப் பார்த்தான். மிச்சம் மூன்றையும் தனித்தனியாக மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. இறங்கிவிட்டது என்று ஒரு கர்வம்கூட வந்தது, டாக்டர் செலவு மிச்சம் என்றுகூட இல்லை, வெறும் கர்வம். அதோடு மறந்தேன். ஒரே ஒரு அரைக்கால். ஒரு கடுகு அளவு. அதுவா காரணமாக இருக்கும்? பாம்பாகக்கூட இருக்கலாம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில்வே காலி மனை, கருவேலம் புதர், அங்கே இல்லாத பாம்பா. பாம்பாக இருக்கட்டும், மாதாவே. ஒரு பூனையைப் பாம்பு கடித்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன், எவ்வளவு கேவலமான வேண்டுதல்.

"மணி என்ன ரெஜி?" என்கிறார். சுவரில் கடிகாரம் இருக்கிறது, கண்ணில் படாது இவருக்கு. "பதினொண்ணு இருபது." "பன்னெண்டுக்குள்ள விட்ருவாங்களா?" "என்ன அவசரம் உங்களுக்கு, ரயிலா பிடிக்கணும்?" "இல்ல, சும்மா கேட்டேன்." சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். வந்ததிலிருந்து இது நாலாவது தடவை. மூக்குப்பொடி டப்பாதான், வேறென்ன. போன ஈஸ்டருக்கு விட்டுவிட்டேன் என்று பாதிரியார் கையில் அடித்துச் சத்தியம் செய்தவர். கேட்கலாம், கேட்டால் மறைப்பார், மறைத்தால் நான் திட்டுவேன். இன்றைக்கு யாரை எதற்குத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தேழு வருஷம் சம்மட்டிச் சத்தத்தில் காதைக் கொடுத்துவிட்டு வந்தவர், வீட்டில் நான் சொல்வதில் பாதி இவருக்குக் கேட்காது, மாஸ்டர் சொல்வதற்குக் காதே தேவையில்லை. அவன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஓடுது ரெஜி, டீசல் இன்ஜின்" என்பார். பகல் முழுக்க மதில்மேல் உட்கார்ந்து தெருவில் யார் போகிறார், யார் வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பான், ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி. அதனால்தான் அந்தப் பேர். இன்றைக்கு விடிகாலையில் இவர்தான் வந்து எழுப்பினார், "ரெஜி, எந்திரி, இன்ஜின் ஓடல." நான் தூக்கக் கலக்கத்தில் எரிந்து விழுந்தேன்.

சொல்லிவிடலாம். எழுந்து நாலு எட்டு, கதவைத் தட்டி, ஒரு வாக்கியம். இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை பேரை எத்தனை பாடு படுத்தியிருக்கிறேன். வீட்ல என்ன குடுத்தே? ஒண்ணும் குடுக்கலைங்க. முப்பத்திமூன்று வருஷமும் ஒரே பதில். பிள்ளையின் வாயில் மருந்து வாசனை அடிக்கும், அம்மாக்காரி ஒண்ணும் குடுக்கலைங்க என்பாள். வசம்பு, விளக்கெண்ணெய், பக்கத்து வீட்டுக்காரி தந்த வில்லை, மந்திரித்த தண்ணீர், எல்லாம் கொடுத்துவிட்டு ஒண்ணும் குடுக்கலைங்க. அந்தக் குரலே எனக்கு ஆகாது. தரையைப் பார்த்துக்கொண்டு, முந்தானையைத் திருகிக்கொண்டு. பொய் சொல்ல மட்டும் எங்கிருந்து தைரியம் வருகிறது இவளுகளுக்கு என்று நினைப்பேன். இப்போது தெரிகிறது, தைரியம் ஒன்றும் வேண்டாம், அது தானாக வந்துவிடுகிறது, தும்மல் மாதிரி. பவளக்கொடி என்று ஒருத்தி, கல்லக்குடிப் பக்கம். இருபத்திரண்டு வருஷம் இருக்குமா, சீட்டில் இருந்த பேர்கூட மறக்கவில்லை. எட்டு மாசக் குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்று பெரியவர்கள் மாத்திரையில் பாதியைக் கொடுத்துவிட்டாள், குழந்தை வயிறு உப்பி மயங்கிக் கிடந்தது. டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டாள், ஒண்ணும் குடுக்கலைங்க. இரண்டு மணி நேரம் கழித்து நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். ஏன் என்னிடம் வந்தாள்? முன்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து நான் கத்தினேன், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி. "ஏம்மா, இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?" அவள் சொன்னாள், "நீங்க திட்டுவீங்கன்னுதாம்மா." அதற்கும் திட்டினேன். குழந்தை பிழைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் மருந்து வாங்க வந்தால் என் ஜன்னலை விட்டுப் பக்கத்து ஜன்னலில் நிற்பாள், அங்கே வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும். போகட்டும், எனக்கு ஒரு ஆள் மிச்சம் என்று நினைத்தேன்.

கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகிவிட்டது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் அங்கேயும் ஒரு கம்பித் தடுப்பு, ஆனால் அங்கே நான் அந்தப் பக்கம். மண்டியிட்டு, கோபப்பட்டேன் சாமி, பொறுமை இல்லை சாமி, அதே இரண்டு பாவம், கல்யாணமான நாளிலிருந்து. பாதிரியார்கூடக் கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் பரிகாரம் சொல்வார். தப்பாக மருந்து கொடுத்தேன் சாமி என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, கொடுத்ததில்லையே. சரியாக இருந்து சரியாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது. வீட்டிலும் அதே ஜன்னல்தான். இவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று வருஷம், காலையில் நாலு, ராத்திரி மூன்று. நான் உள்ளங்கையில் வைப்பேன், இவர் வாயில் போட்டுக்கொள்வார். எதற்கு என்று கேட்டதில்லை, நிறம் மாறினாலும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் படிக்கத் தெரியாதவர்களுக்குப் போடுகிற மாதிரி பொட்டலத்தின் மேல் கோடு போட்டு வைப்பேன், ஒரு கோடு ஒரு வேளை, மூன்று கோடு மூன்று வேளை. வேளை தவறக்கூடாது, குணமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தக்கூடாது. இந்த இரண்டையும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன வாய் இது, வீட்டில் இவருக்குச் சொல்லிச் சொல்லி இவரே பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். நான் இப்போது எழுந்துபோய்ச் சொன்னால் மாஸ்டருக்கு ஊசி கிடைக்கும். நாளைக் காலையில் இவர் உள்ளங்கையில் நாலு மாத்திரை வைப்பேன், இவர் ஒரு நிமிஷம் அதைப் பார்ப்பார். ஒரே ஒரு நிமிஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. பூனை செத்தால் தாங்குவேனா? தாங்குவேன் என்றுதான் தோன்றியது, பத்து நிமிஷத்துக்கு முன்னால் வரைக்கும். இவர் கூடைக்குள் கையை விட்டு அந்த லுங்கியை மடித்துவைக்கிறார், அவன் வந்து படுப்பதற்கு வசதியாக, நடுவில் குழி இருக்கிற மாதிரி.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம். லாப்ரடார் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. அந்தக் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தில் தெரிந்துவிடும், நான் சொல்லாவிட்டாலும் அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுவாள், படித்த பெண். ஆனால் என்ன என்று தேடுவாள்? மேடமே இல்லை என்று சொல்லிவிட்டார்களே, முப்பத்திமூன்று வருஷ மேடம். என் பேச்சை நம்பிப் பாம்புக்கு ஊசி போடுவாள். பவளக்கொடி சொன்ன பொய்யை யாரும் நம்பவில்லை, அதனால் அவள் பிள்ளை பிழைத்தது, நர்ஸ் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னிடம் யாரும் இரண்டாவது தடவை கேட்க மாட்டார்கள். யாராவது வந்து ரெண்டு அறை அறைந்து, உண்மையைச் சொல்லுடி என்றால் நன்றாக இருக்கும். யாரும் வரப்போவதில்லை. மணி பதினொன்று நாற்பது. "ரெஜி, பன்னெண்டு ஆகப்போகுதா?" என்கிறார் மறுபடியும், சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு. நான் எழுந்துவிட்டேன். சொல்ல எழுந்தேனா இவர் கேள்வியிலிருந்து தப்பிக்க எழுந்தேனா தெரியவில்லை. நாலு எட்டு. நாய்க்குட்டி படத்தின் மேலேயே தட்டினேன்.

டாக்டரம்மா கையுறையோடு வந்து கதவைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்தேன். முந்தானை என் கையில் இருந்தது. "டாக்டரம்மா, குடுத்தேன்." "என்ன மேடம்?" "காய்ச்சல் மாத்திரை. பாராசிட்டமால். நீங்க கேட்டப்ப இல்லைன்னுட்டேன்." திட்டுவாள் என்று காத்திருந்தேன், அதற்காகவே தலை குனிந்திருந்தேன். அவள் திட்டவில்லை. "எவ்வளவு? எப்போ?" என்றாள், அவ்வளவுதான். "ஐந்நூறுல அரைக்கால். நேத்து மத்தியானம். ஒரே ஒரு வேளை." "ஒரு வேளையா?" அவள் புருவத்தைச் சுருக்கினாள். "ஒரு வேளைக்கு இவ்வளவு தூரம்…" என்று இழுக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் கூடை இடித்தது. இவர் எழுந்து வந்து நின்றிருக்கிறார். எவ்வளவு காதில் விழுந்ததோ. "ஒரு வேளை இல்ல டாக்டர்" என்றார் சத்தமாக. "மூணு வேளை. மத்தியானம் அவங்க குடுத்துட்டாங்க, வெண்ணெய்க் கிண்ணத்த நான்தான் கழுவினேன். ஃப்ரிட்ஜ் மேல மடிச்சு வச்சிருந்தத ராத்திரிக்கும் காலைல அஞ்சு மணிக்கும் நான் குடுத்தேன். வாயத் திறக்க மாட்டேன்னான், பிடிச்சுப் போட்டுட்டேன்." சட்டைப் பையில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். மூக்குப்பொடி இல்லை. என் மடிப்பு. மேலே பென்சிலால் மூன்று கோடு, எப்போது போட்டேன் என்றே தெரியாமல் கை தானாகப் போட்டது. "இது பன்னெண்டு மணிக்கு. நேரமாயிடப் போகுதேன்னு கையோட எடுத்துட்டு வந்தேன்." டாக்டரம்மா பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் கேட்டப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாமே சார்." "இவ இல்லைன்னு தலையாட்டினா. மருந்து விஷயத்துல இவ இல்லைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்." அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. உள்ளே திரும்பி ஏதோ ஒரு மருந்தின் பேரைச் சொன்னாள், அந்தப் பேர் எனக்குத் தெரியும், எங்கள் அலமாரியில் மூன்றாவது தட்டில் இருந்தது. "இப்பவாவது தெரிஞ்சுதே. நரம்புல ஏத்தறோம். ராத்திரி வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது. உக்காருங்க." கதவு மூடியது.

உட்காரவில்லை. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "என்ன ரெஜி, சரியாத்தானே குடுத்தேன்? வேளை தப்பல." இத்தனை வருஷமாக என்னிடம் கேட்காத கேள்வி, கடைசியில் தன்னைப் பற்றித்தான் கேட்கிறார், என்னைப் பற்றி அல்ல. "நீங்க சரியாத்தான் குடுத்தீங்க" என்றேன். "நான் குடுத்ததுதான் தப்பு." உதட்டைப் பார்த்தார், புரியவில்லை. கூடையை இடுக்கிக்கொண்டு வலது காதைக் கையால் குவித்து என் பக்கம் சாய்த்தார். "என்னது? சத்தமாச் சொல்லு." டோக்கன் கொடுக்கிற பெண் இருக்கிறாள், நாலு பேர் இருக்கிறார்கள், லாப்ரடார் இருக்கிறது. மெதுவாகச் சொன்னால் இந்த மனுஷனுக்கு எந்தக் காலத்திலும் கேட்காது. வரிசையில் முப்பது பேருக்குக் கேட்கிற அந்தக் குரலை எடுத்தேன். "நான் தப்பா மருந்து குடுத்துட்டேங்க. தப்பா குடுத்துட்டு டாக்டர்கிட்ட பொய்யும் சொல்லிட்டேன். மாஸ்டருக்கு இப்படி ஆனது என்னால. உங்களால இல்ல." நாற்காலி வரிசை ஆடுவது நின்றுவிட்டது. இவர் காதிலிருந்து கையை எடுத்தார். கையில் இருந்த பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அந்த மூன்று கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். கடிகாரத்தைத் தேடினார், கண்ணுக்கு எட்டவில்லை.

"அப்ப மத்தியானத்துக்கு இது வேண்டாமா ரெஜி?" என்றார்.

"வேண்டாங்க" என்று கையை நீட்டினேன்.